கியர்ப் பெட்டியின் நாடி

மருத்துவர் ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். துடிப்பு மெலிந்திருப்பதாக அவர் விரலுக்குத் தோன்றுகிறது. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருத்தல் கூடும். நோயாளியின் நாடி உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம். அல்லது மருத்துவரின் விரல் மரத்துப் போயிருக்கலாம். எது என்று தெளியாமல் மருந்தை எடுத்து நீட்டுபவரை நல்ல மருத்துவர் என்று எவரும் சொல்லார். உடலைப் பற்றிய இக்கேள்வி இன்று மோட்டார் கார்ப் பட்டறைகளிலும் அன்றாடம் எழுகின்றது. தானாகவே கியர் மாறும் கார்களில், உள்ளே ஓடும் எண்ணெயின் அழுத்தத்தை நாடி பார்த்துச் சொல்லும் சிறு கருவி ஒன்று உண்டு. அக்கருவி 'அழுத்தம் குறைவு' என்று சொன்னால், குறைந்தது அழுத்தமா, கருவியின் உணர்வா? இதற்கு விடை காணும் முறையை அறிந்திருப்பது கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பயன் தருவதாகும்.

பங்சார் மேட்டில்

கோலாலம்பூரின் தென்மேற்கே உள்ள பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியரின் பெயர்களைச் சேர்த்துத் தாங்கியிருந்த அத்தோட்டத்தின் பெயரே நாளடைவில் திரிந்து 'பங்சார்' என்று ஆயிற்று என்பர். பால்மரங்கள் நின்ற மேடுகளில் இன்று வீடுகளும் கடைத்தெருக்களும் நிறைந்துள்ளன. மேடும் பள்ளமுமான நிலம் மட்டும் மாறவில்லை. மாலை வேளையில் பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து ஜாலான் பங்சார் வழியாக வரும் கார்கள் பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்து, பிறகு ஜாலான் மாரோப் மேட்டில் ஏறுகின்றன. இத்தகைய சாலையில் இடக்காலால் கிளட்சை மிதித்து மிதித்துச் சலிப்பவர்கள், தானாக இயங்கும் கியர்ப் பெட்டியை நாடுவது இயல்பே.

மலேசியாவின் சொந்தக் கார் என்று பெயர் பெற்ற புரோட்டோன் சாகா 1985இல் வெளிவந்தது. 2011இல் வந்த அதன் எப்.எல்.எக்ஸ். வகையில் பெல்ஜியம் நாட்டுப் பஞ்ச் பவர்டிரெயின் நிறுவனத்தின் 'சி.வி.டி.' என்னும் பட்டைவார்க் கியர்ப் பெட்டி பொருத்தப்பட்டது. 2019இல் சாகாவுக்கு நான்கு கியர்கள் கொண்ட தானியங்கிப் பெட்டி வந்தது. பெரோடுவா நிறுவனமோ 2021இல் வெளியிட்ட அத்திவா காரில் சி.வி.டி. முறையைக் கைக்கொண்டது. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளில் இருவகைப் பெட்டிகளும் இன்று அருகருகே ஓடுகின்றன. இரண்டுக்கும் உயிர்நிலை ஒன்றே. அஃது எண்ணெயின் அழுத்தம்.

மேட்டில் ஏறும் கார் ஒன்று திடீரென வெட்டி இழுக்கின்றது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகின்றது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஒரே கியரில் முனகிக்கொண்டு மெல்லவே செல்கின்றது. ஓட்டுபவரின் நெஞ்சு படபடக்கின்றது. பட்டறைக்குச் சென்றால், "கியர்பாக்ஸ் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்ற ஒரே சொல்லில் தீர்ப்பு வந்துவிடலாம். அதன் விலை பல ஆயிரம் ரிங்கிட். வாடகைக்குக் காரோட்டிப் பிழைப்பவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலியற்ற நாள். மறுபுறம், "சிறிய சென்சர்தான், மாற்றினால் சரியாகும்" என்று எளிதாகச் சொல்லிவிடுவோரும் உண்டு. உணரியை மாற்றியும் விளக்கு மறுபடி எரிந்தால் செலவு இரட்டிப்பாகும். இரு தீர்ப்புகளிலும் உள்ள குறை ஒன்றே: விசாரணை நடக்கவில்லை.

எண்ணெய் செய்யும் வேலை

கியர் மாறும் காரில் எண்ணெய்க்கு என்ன வேலை? உராய்வைத் தணிப்பதும் வெப்பத்தை எடுத்துச் செல்வதும் மட்டுமே அதன் வேலை என்று பலரும் எண்ணுவர். தானியங்கிப் பெட்டியில் அதற்கு மேலும் இரு பெரும் பணிகள் உண்டு. ஒன்று, எஞ்சினின் விசையைக் கடத்துதல். மற்றொன்று, கிளட்சுகளை இறுகப் பிடித்தல்.

நீர்மத்தின் வழியே சுழற்சியைக் கடத்தும் முறைக்கு ஜெர்மன் பொறியியலறிஞர் ஹெர்மன் பொட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றார். அவர் அதைக் கண்டது கப்பல்களுக்காக. காற்றாடி ஒன்றின் எதிரே மற்றொரு காற்றாடியை வைத்தால் முதலாவது வீசும் காற்றில் இரண்டாவதும் சுழல்வது போல, எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் ஒரு சக்கரம் சுழன்று மற்றொன்றைச் சுழற்றுகின்றது. 1939இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஹைட்ராமாட்டிக்' என்னும் தானியங்கிப் பெட்டியை வெளியிட்ட போது, இம்முறை பொதுமக்களின் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

கிளட்சைப் பிடிக்கும் பணி, பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் வகுத்த விதியைப் பின்பற்றுவது. மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் குறையாமல் பரவும் என்பதே அவ்விதி. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடை அழுத்துவதை ஒரு பார் என்பர். கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் இரண்டு பாருக்குச் சற்று மேல். தானியங்கிப் பெட்டியில் பத்து பார் அழுத்தமுள்ள எண்ணெய், 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனைத் தள்ளுவதாகக் கொண்டால், கிளட்சின் தட்டுகள் ஏறக்குறைய 500 கிலோகிராம் விசையோடு நெருக்கப்படும். அவ்வளவு நெருக்கமாகப் பிடித்தால்தான் தட்டுகள் நழுவாமல் சக்கரங்களைச் சுழற்ற முடியும்.

சி.வி.டி. பெட்டியில் இத்தேவை இன்னும் மிகுதி. அதில் பற்சக்கரங்களின் படிகள் இல்லை. கூம்பு வடிவான இரு உருளைகளுக்கு இடையே ஒரு வார் ஓடுகின்றது. உருளைகளின் பக்கங்கள் நெருங்கியும் விலகியும் வார் ஓடும் வட்டத்தைப் பெருக்கியும் சுருக்கியும் வேகத்தை மாற்றுகின்றன. நெதர்லாந்தின் டாப் நிறுவனம் 1958இல் இம்முறையில் சிறு கார் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதில் இருந்தது ரப்பர் வார். பின்னர் எஃகுத் துண்டுகளைக் கோத்துச் செய்த வார் வந்தது. எஃகு உருளையை எஃகு வார் நழுவாமல் பற்றவேண்டுமானால் அழுத்தம் மிகப் பெரிதாக வேண்டும். சில பெட்டிகளில் அது 40, 50 பார் அளவுக்கும் செல்வதுண்டு. அழுத்தம் ஒரு கணம் தளர்ந்தாலும் வார் நழுவி, கண்ணாடி போல் இழைத்த உருளையின் முகத்தில் கீறல் விழும். அக்கீறல் ஆறாது.

இவ்வழுத்தத்தை எஞ்சினால் சுழலும் பம்பு உண்டாக்குகின்றது. சாலினாய்டு எனப்படும் மின்காந்த வால்வுகள் அதைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய இடத்திற்கு அனுப்புகின்றன. எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டளையிடுவது கட்டுப்பாட்டுக் கணினி. தான் கேட்ட அழுத்தம் கிடைத்ததா என்பதை அக்கணினிக்குக் கண் கொண்டு காண வழியில்லை. அதற்காக வைக்கப்பட்ட விரலே அழுத்த உணரி. பட்டறைகளில் சென்சர் என்று வழங்குவது.

விரல் எவ்வாறு உணர்கின்றது?

1856இல், பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ் பெற்ற வில்லியம் தாம்சன், உலோகக் கம்பியை இழுத்தால் மின்சாரத்தைத் தடுக்கும் அதன் தன்மை மாறுகின்றது என்று காட்டினார். 1954இல் அமெரிக்காவில் சார்லஸ் ஸ்மித் என்பார், சிலிக்கன், ஜெர்மானியம் ஆகிய பொருள்களில் இம்மாற்றம் உலோகத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிது என்று கண்டறிந்தார். இன்றைய உணரிகள் பல இக்கண்டுபிடிப்பின் வழி வந்தவை. மெல்லிய சவ்வு ஒன்றை எண்ணெய் அழுத்தும், சவ்வு வளையும், அதன்மேல் பதித்த தடைகளின் அளவு மாறும், அம்மாற்றம் வோல்ட் அளவாக வெளிவரும்.

இத்தகைய உணரிக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள். ஒன்றில் கணினி 5 வோல்ட் மின்சாரம் அனுப்புகின்றது. ஒன்று அம்மின்சாரம் திரும்பும் தரைக் கம்பி. மூன்றாவதே செய்தி சொல்லும் கம்பி. அழுத்தமே இல்லாதபோது 0.5 வோல்ட், முழு அழுத்தத்தில் 4.5 வோல்ட் என்று காட்டுமாறு அமைப்பது பரவலான வழக்கம். வெறும் சுழியில் தொடங்காமல் 0.5இல் தொடங்குவது ஏன்? அதில் ஒரு நுட்பம் உள்ளது. கம்பி அறுந்தால் செய்தி சுழிக்கோ ஐந்துக்கோ ஓடிவிடும். நல்ல உணரி ஒருபோதும் அவ்விரு எல்லைகளையும் தொடாது. ஆகவே எல்லையைத் தொட்ட செய்தி பொய்ச் செய்தி என்று கணினி உடனே அறிந்துகொள்ளும்.

சில கார்களில் இவ்வுணரிக்குப் பதிலாக வெறும் அழுத்த விசைப்பொத்தான் இருக்கும். அது குறித்த அழுத்தம் வந்ததும் மூடும், குறைந்தால் திறக்கும். எவ்வளவு என்று சொல்லாது. உண்டு, இல்லை என்பதே அதன் மொழி.

எண்ணும் அதன் பொருளும்

கணினி ஐயுற்றதும் ஓர் எண்ணைத் தன் நினைவில் குறித்துக்கொள்கின்றது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பொது முறையின்படி, இவ்வெண்கள் பல நாட்டுக் கார்களிலும் ஒரே பொருள் தருகின்றன. காரின் முகப்பின் கீழுள்ள 16 ஊசிச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் எண் தெரியும்.

'பி 0840' என்பது அழுத்த உணரியின் மின்சுற்றில் பழுது. 'பி 0841' என்பது அது சொல்லும் அளவு மற்ற நிலைமைகளோடு பொருந்தவில்லை. 'பி 0842' செய்தி தாழ்ந்துள்ளது. 'பி 0843' செய்தி உயர்ந்துள்ளது. 'பி 0844' செய்தி விட்டுவிட்டு வருகின்றது. இரண்டாம் உணரி இருக்குமாயின் அதற்கு 0845 முதல் 0849 வரை.

இவற்றில் பலரும் இடறும் இடம் 0842. 'தாழ்வு' என்ற சொல்லைக் கண்டதும் எண்ணெயின் அழுத்தம் தாழ்ந்துவிட்டது என்று கொள்வது தவறு. தாழ்ந்தது கம்பியில் வரும் வோல்ட் அளவு. எண்ணெயின் அழுத்தமே குறைந்ததாகக் கணினி கருதினால் குறிக்கும் எண் வேறு. அது 'பி 0868'. முன்னது விரலைப் பற்றிய ஐயம்; பின்னது நாடியைப் பற்றிய ஐயம். இவ்வேறுபாட்டை அறியாதவர் கையில் நல்ல கியர்ப் பெட்டியும் கழற்றப்படும்; கெட்ட கியர்ப் பெட்டிக்குப் புது உணரியும் மாட்டப்படும். பின்னதைக் குறிக்கும் எண்ணும் ஐயமேயன்றித் தீர்ப்பன்று. ஏனெனில் அதையும் கணினி உணரியின் வாய்மொழி கேட்டே எழுதுகின்றது.

எண் எழுந்ததும் கணினி பெரும்பாலும் தற்காப்பு நிலைக்குச் செல்லும். கியரை ஒன்றில் நிறுத்தி, வேகத்தைக் கட்டுப்படுத்தும். பட்டறைகளில் இதனை லிம்ப் மோட் என்பர். ஓட்டுபவரை அச்சுறுத்தும் அந்த முனகல், பெட்டி இறந்ததன் அடையாளமன்று. அது மேலும் கெடாதிருக்கக் கணினி எடுத்த முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

விசாரணையின் ஒழுங்கு

முதலில் கேட்கவேண்டியது ஓட்டுபவரை. காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, நெரிசலில் சூடேறிய பின்னரா? மழைக்குப் பிறகா? அண்மையில் எண்ணெய் மாற்றப்பட்டதா? வேறு பழுது பார்க்கப்பட்டதா? இக்கேள்விகள் செலவில்லாதவை. சூட்டில் மட்டும் தோன்றும் குறை, மெலிந்த எண்ணெயையோ தேய்ந்த உறுப்பையோ காட்டலாம். மழையில் மட்டும் தோன்றுவது சாக்கெட்டைக் காட்டும். எண்ணெய் மாற்றிய மறுநாள் தோன்றுவது எண்ணெயின் வகையையோ அளவையோ காட்டும்.

இரண்டாவது, எண்களைப் படித்து எழுதிக்கொள்ளுதல். எண் தோன்றிய கணத்தில் வேகம், வெப்பம் முதலியவை என்னவாக இருந்தன என்பதையும் கணினி சேர்த்தே பதிந்து வைத்திருக்கும். இவற்றை எழுதிக்கொள்ளும் முன் அழிப்பதும், பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பதும் சாட்சியத்தை எரிப்பதற்கு ஒப்பாகும். வேறு பல உணரிகளின் எண்களும் ஒருங்கே தோன்றியிருந்தால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான 5 வோல்ட் கம்பியையும் பேட்டரியையும் முதலில் ஐயுறவேண்டும்.

மூன்றாவது எண்ணெய். அதன் அளவு, நிறம், மணம் மூன்றும் பேசும். கருகிய மணம் கிளட்சுத் தட்டுகள் எரிந்ததைச் சொல்லும். பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் நீர் புகுந்துள்ளது. அளவு குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் தள்ளாடும். அளவு பார்க்கும் கோல் இல்லாத கார்கள் இன்று மிகுதி. அவற்றில் எண்ணெய் குறித்த வெப்பத்தில் இருக்கும்போது அடைப்பான் திருகைத் திறந்து அளவிடவேண்டும். வெப்பத்தைப் பாராமல் அளந்த அளவு அளவாகாது. பெட்டிக்கு விதிக்கப்பட்ட எண்ணெய் அன்றி வேறொன்றை ஊற்றுவதும் நோயை வரவழைப்பதேயாம்.

நான்காவது, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் அழுத்தத்தின் அளவைப் பார்த்தல். எளிமையும் வன்மையும் ஒருங்கே உடைய சோதனை இது. எஞ்சின் ஓடவில்லையெனில் பம்பு சுழலாது. சிறிது நேரத்தில் அழுத்தம் முற்றும் தணிந்திருக்கும். அப்போதும் உணரி அழுத்தம் இருப்பதாகக் கூறினால் அதன் சொல் பொய்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். சுழி முதல் 20 பார் வரை அளக்கும் உணரி, 0.5 முதல் 4.5 வோல்ட் வரை காட்டுவதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு பாருக்கு 0.2 வோல்ட். ஓடாத எஞ்சினில் அது 0.5 காட்டவேண்டும். 1.3 வோல்ட் காட்டினால், இல்லாத 4 பார் அழுத்தத்தை உள்ளதாகச் சொல்கின்றது என்பது பொருள். முழுச் சுழி காட்டினால் கம்பி அறுந்தோ வேறொன்றைத் தொட்டோ இருக்கலாம். ஐந்தைத் தொட்டால் தரைக் கம்பி அறுந்ததாகவோ, செய்திக் கம்பி மின்கம்பியோடு ஒட்டியதாகவோ இருக்கலாம்.

ஐந்தாவது கம்பிகளும் சாக்கெட்டும். சாக்கெட்டைக் கழற்றியவுடன் ஸ்கேனரில் அளவு மாறவேண்டும். மாறவில்லை என்றால் குற்றம் உணரியுடையதன்று. கம்பியிலோ கணினியிலோ உள்ளது. பிறகு மல்டிமீட்டரால் 5 வோல்ட் வந்து சேர்கின்றதா, தரைக் கம்பி தடையின்றி இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். தரைக் கம்பியின் முனையில் பச்சை படிந்து தடை ஏற்பட்டிருந்தால், நல்ல உணரியும் உள்ளதைவிட மிகுத்தே காட்டும். அந்நிலையில் எத்தனை புது உணரிகளை மாற்றினாலும் அத்தனையும் ஒரே பொய்யைச் சொல்லும். கம்பிகளை மெல்ல அசைத்துப் பார்ப்பதும் வேண்டும். விட்டுவிட்டு வரும் குறைகள் அப்போது வெளிப்படுவதுண்டு. சாக்கெட்டின் உள்ளே எண்ணெய் கசிந்திருக்கின்றதா என்பதும் கவனிக்கத்தக்கது.

பழைய மானியின் சொல்

இத்தனைக்குப் பின்னரும் ஐயம் தீராவிடில் ஒரே வழி, உணரியை நம்பாமல் நேரே நாடி பார்ப்பது. பல கியர்ப் பெட்டிகளில் அழுத்தத்தை அளப்பதற்கென்றே திருகால் மூடிய துளை ஒன்று விடப்பட்டிருக்கும். அதில் முள் ஆடும் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட வேண்டும்.

இம்மானி இந்நகரத் தமிழருக்குப் புதியதன்று. பிரெஞ்சுக்காரரான யூஜீன் பூர்தோன் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தட்டையாக்கி வளைத்த குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அக்குழாய் நிமிர முயலும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். நீராவி ரயில்களின் கொதிகலன் அழுத்தத்தைக் காட்டியது இதுவே. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூல் பட்டறையிலும் வாழ்ந்து உழைத்த தமிழர், இம்முள்ளின் மேல் கண் வைத்தே வேலை செய்தனர். இதற்கு மின்சாரம் வேண்டா, கம்பி வேண்டா, கணினியும் வேண்டா. புதிய கருவியின் சொல்லை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகப் பழைய கருவி இன்றும் நிற்கின்றது.

மானியையும் ஸ்கேனரையும் ஒருசேரப் பார்த்தால் தீர்ப்பு மூன்று வகையில் அமையும். மானி 10 பார் காட்ட, ஸ்கேனர் 2 பார் காட்டினால், நாடி நன்று, விரல் மரத்தது. கம்பிகள் முன்பே சோதிக்கப்பட்டுவிட்டதால் உணரியை மாற்றலாம். மானியும் 2 பார், ஸ்கேனரும் 2 பார் என்றால் உணரி உண்மையே சொல்கின்றது. நோய் உள்ளே உள்ளது. அடைபட்ட வடிகட்டி, தேய்ந்த பம்பு, ஒட்டிக்கொண்ட மின்காந்த வால்வு, கிழிந்த ரப்பர் வளையம் என்று காரணம் பலவாகலாம். அவற்றுள்ளும் சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்வதே முறை. இரண்டும் சரியான அளவையே காட்டியும் எண் திரும்பத் திரும்ப எழுமாயின், விட்டுவிட்டுத் தொடும் இணைப்பையோ கணினியையோ தேடவேண்டும்.

இச்சோதனை வீட்டு முற்றத்தில் செய்யத்தக்கதன்று. எண்ணெய் கொதிக்கும் சூட்டில், மிகுந்த அழுத்தத்தில் இருக்கும். சி.வி.டி. பெட்டிக்கு அதன் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும் மானியே வேண்டும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துப் பழகியவர் செய்யவேண்டிய வேலை இது.

பொய்யால் விளையும் மெய் நோய்

உணரிதான் கெட்டது என்று தெரிந்தால், "அவ்வளவுதானே" என்று வண்டியை ஓட்டித் திரியலாமா? கூடாது. மரத்த விரலை நம்பிக் கொடுத்த மருந்து நல்ல உடலையும் கெடுக்கும்.

உணரியின் சொல்லைக் கேட்டே அழுத்தத்தைத் திருத்திக்கொள்ளும் பெட்டிகளில், உணரி உள்ளதைவிட மிகுத்துச் சொன்னால், 'அழுத்தம் அதிகம்' என்று எண்ணிக் கணினி அதனைக் குறைத்துவிடும். உண்மை அழுத்தம் தேவைக்கும் கீழே போகும். கிளட்சு நழுவும்; வார் வழுக்கும்; உருளையில் கீறல் விழும். மாறாக, உணரி குறைத்துச் சொன்னால் கணினி அழுத்தத்தைக் கூட்டும். கியர் மாறும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுக்கும். பொய்யாய்த் தொடங்கிய குறி மெய்யான நோயாய் முடிவது இவ்வாறுதான். ஆதலின் எஞ்சின் இரைந்தும் வண்டி நகராத நழுவல் தோன்றினால், அவ்விடத்திலேயே நிறுத்துவது பெட்டியைக் காக்கும்.

நிறுத்திய வண்டியை இழுத்துச் செல்வதிலும் கவனம் வேண்டும். எஞ்சின் ஓடாதபோது பம்பு சுழலாது. பெட்டிக்குள் எண்ணெய் பாயாது. அந்நிலையில் எஞ்சினால் இயங்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் உள்ளுறுப்புகள் உலர்ந்து தேயும். ஆகவே அச்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் லாரியின் மேல் ஏற்றியோ கொண்டுசெல்ல வேண்டும்.

வெள்ளமும் வெப்பமும்

2021 டிசம்பர் 18ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையால் ஷா ஆலம், கிள்ளான் முதலிய இடங்களில் வெள்ளம் சூழ்ந்தது. கார்கள் பல நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளம் வடிந்து, இருக்கைகள் உலர்ந்து, வண்டி வழக்கம்போல ஓடத் தொடங்கிய பின்னரும் நீரின் வேலை முடிவதில்லை. சாக்கெட்டுகளின் ஊசிகளில் சேறும் ஈரமும் தங்கிப் பச்சை பூக்கும். கியர்ப் பெட்டியின் காற்றுப்போக்கித் துளை வழியே நீர் உட்புகுந்து எண்ணெயோடு கலக்கும். மாதங்கள் கழிந்து அழுத்த உணரியின் எண் தோன்றும்போது, அதற்கும் வெள்ளத்துக்கும் உள்ள உறவை எவரும் நினையார். பழைய கார் வாங்குவோர், அது வெள்ளத்தில் நின்றதா என்று விசாரிப்பது இதனாலும் தேவையாகின்றது.

வெப்பமும் பொறுமையாகக் கெடுக்கும் பகைதான். ஆண்டு முழுதும் வெயில்; அதன்மேல் நின்று நின்று ஊரும் நெரிசல். வேகமாக ஓடும்போது கிடைக்கும் காற்று இங்கே எண்ணெயைக் குளிர்விக்கக் கிடைப்பதில்லை. சூட்டில் நெடுநாள் இருந்த எண்ணெய் தன் தன்மையை இழக்கும். தேய்ந்த துகள்கள் வால்வுகளில் சிக்கும். பல கார்களின் கையேட்டில், கடுமையான சூழலில் ஓடும் வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றும் கால அளவு தனியே குறைத்துச் சொல்லப்பட்டிருக்கும். கோலாலம்பூரின் மாலை நெரிசலில் நாள்தோறும் ஓடும் வண்டி அவ்வகையைச் சேர்ந்ததே.

உரிமையாளர் கேட்கத்தக்கவை

கார் வைத்திருப்பவர் எல்லாரும் பொறியியல் கற்கவேண்டியதில்லை. எனினும் பட்டறையில் பணத்தை எண்ணி வைக்கும் முன் சில கேள்விகளைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. தோன்றிய எண் யாது? அது மின்சுற்றைப் பற்றியதா, அழுத்தத்தைப் பற்றியதா? எண்ணெயின் அளவும் நிறமும் பார்க்கப்பட்டனவா? எஞ்சின் ஓடாத போது உணரி காட்டிய அளவு என்ன? கம்பிகளும் தரையும் சோதிக்கப்பட்டனவா? மானி வைத்து உண்மை அழுத்தம் அளக்கப்பட்டதா? உணரி பெட்டியின் வெளியில் உள்ளதா, உள்ளே உள்ளதா? உள்ளே இருந்தால் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றவேண்டும். வேலையும் செலவும் கூடும். மாற்றிய பின் கணினி தன் பழைய கணக்குகளை மறந்து புதிதாய்ப் பழகுமாறு செய்யப்படுமா? ஓட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் ஸ்கேனரில் பார்க்கப்படுமா?

நேர்மையும் திறமையும் உள்ள பழுது பார்ப்பவர் இக்கேள்விகளால் சினம் கொள்ளார். மகிழ்ச்சியோடு விடை கூறுவார். அவர் செய்த விசாரணைக்கும் கூலி உண்டு என்பதை உரிமையாளரும் உணரவேண்டும். ஒரு மணி நேரம் அளந்து பார்த்து, "உணரி நன்றாக இருக்கின்றது, சாக்கெட்டைத் துடைத்தால் போதும்" என்று சொல்பவர் எந்த உறுப்பையும் விற்கவில்லை. ஆயினும் ஒரு கியர்ப் பெட்டியையே காத்துக் கொடுத்திருக்கின்றார். மாற்றிய உறுப்புக்கு மட்டும் பணம் கொடுத்து, ஆராய்ந்த அறிவுக்குக் கொடுக்க மறுப்போமானால், ஆராயாமல் மாற்றும் பழக்கமே பட்டறைகளில் வளரும். அதன் விலையைப் பங்சார் மேட்டில் நின்றுபோன வண்டியின் சொந்தக்காரரே கொடுக்க நேரும்.